வட்ஸ்அப் குழுவில் படம் போட்டால் அது பிள்ளையின் பைல் ஆகுமா? (தரம் 1 முதல் 5 வரை)

கேள்வி
2025 பெப்ரவரி 18, மட்டக்களப்பு, படுவான்கரைப் பக்கம், தரம் 2

34 பிள்ளைகள், ஒரு போன். சித்திரம், எழுத்து வேலை, களிமண் உரு என்று எல்லாவற்றையும் அன்றன்றே படமெடுத்துப் பெற்றோர் குழுவில் போடுகிறோம். போன வருடம் மட்டும் ஆயிரம் படத்துக்கு மேல் சேர்ந்தது. இதையே டிஜிட்டல் செயற்கோவை (பிள்ளையின் வேலைகளைச் சேர்த்து வளர்ச்சியைக் காட்டும் பைல்) என்று சொல்லலாம்தானே? சீசோ, பட்லெட் என்று இன்னொரு அப் எதற்கு? பெற்றோருக்கும் வட்ஸ்அப் ஒன்றுதான் கைவந்தது.

பதில்
2025 பெப்ரவரி 18, இரவு

ஆகாது ரீச்சர். அது குவியல். ஒரு சோதனை வைத்துப் பாருங்கள். இடாப்பில் 17ஆம் இலக்கப் பிள்ளை பெப்ரவரியில் எழுதியதையும் செப்டெம்பரில் எழுதியதையும் ஒரு நிமிடத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட முடிந்தால் அது பைல். குழுவை மேலும் கீழும் தள்ளித் தேட வேண்டியிருந்தால் இல்லை. அப் எது என்பது அதற்குப் பிறகு வருகிற கேள்வி.

2025 பெப்ரவரி 19

நேற்றுச் சுருக்கமாக எழுதியதை விரித்து எழுதுகிறேன்.

தவணைக்கு ஒரு பிள்ளைக்கு மூன்று உருப்படி போதும். 34 பிள்ளை, மூன்று உருப்படி, மூன்று தவணை என்றால் வருடத்துக்கு 306. ஆயிரம் படத்தை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை, 306ஐப் பார்க்கலாம்.

மூன்றில் இரண்டை ஆசிரியர் தீர்மானிக்க வேண்டும். அந்த இரண்டும் ஒவ்வொரு தவணையிலும் அதே வேலையாக இருக்க வேண்டும். தரம் 2க்கு நன்றாக ஓடுபவை: ஒன்று, அதே படத்தைக் காட்டி அதைப் பற்றி எழுதச் சொல்வது. முதல் தவணையில் இரண்டு சொல் வரும், மூன்றாம் தவணையில் நான்கு வசனம் வரும். இரண்டு, ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டி எண்ணிக் காட்டுவது. கட்டிய பிறகு மேசையில் இருக்கும் நிலையை மேலிருந்து படமெடுக்க வேண்டும். கட்டாமல் ஒவ்வொன்றாக எண்ணிய பிள்ளை பிறகு கட்டத் தொடங்குகிற தவணை அந்தப் படத்திலேயே தெரியும். "வீட்டிலிருந்து பாடசாலைக்கு வரும் வழி" என்ற சித்திரமும் நல்லது. முதலில் வீடும் பாடசாலையும் மட்டும் இருக்கும், பிறகு பாலம், கோயில், வட்டை (வயல்), கடை என்று வழி நிறையும். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளுக்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது உருப்படியைப் பிள்ளை தெரிவு செய்ய வேண்டும். அதில் நாம் கை வைக்கக் கூடாது. நமக்குப் பிடித்த சித்திரத்தைப் பிள்ளை விட்டுவிட்டு, கோணலாகக் கிடக்கும் ஒரு கூட்டல் பக்கத்தைத் தெரிவு செய்தால் அந்தப் பக்கம்தான் போக வேண்டும்.

ஒவ்வொரு உருப்படிக்கும் அந்தப் பிள்ளையின் குரல் அரை நிமிடம். இது இல்லாவிட்டால் டிஜிட்டல் என்று பெயர் வைப்பதில் பொருள் இல்லை. காகிதப் பைலுக்குள் சித்திரம் கிடக்கும், பேச்சுக் கிடக்காது. தரம் 1, 2 பிள்ளைக்கு எழுதத் தெரிவதைவிடச் சொல்லத் தெரிவது பல மடங்கு.

2025 பெப்ரவரி 19, பிற்பகல்

படமெடுப்பது பற்றி, ஏனென்றால் பாதிப் படங்கள் இங்கேயே வீணாகின்றன.

பென்சில் எழுத்துக்கு மேலே இருந்து வெளிச்சம் விழுந்தால் வெளிறிவிடும். கதவு அல்லது ஜன்னலின் பக்கம் கொப்பியை வைத்து வெளிச்சம் பக்கவாட்டில் விழ விடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். மெழுகு வர்ணம் ஃபிளாஷுக்குப் பளபளத்து நடுவில் வெள்ளைப் புள்ளி விழும். தாளுக்குக் கீழே கருந்துணி விரித்தால் விளிம்பு தெளிவாக வரும்.

ஏ4 தாளுக்குப் போன் 30 சென்றிமீற்றர் உயரத்தில் தாளுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, குறுக்கே இரண்டு அடிமட்டம் வைத்து, நடுவில் போனை வைத்தால் கை நடுங்காது. பிள்ளைகளே எடுக்கலாம்.

கூகுள் ட்ரைவ் அப்பில் உள்ள ஸ்கேன் வசதி நல்லதுதான், ஆனால் கறுப்பு வெள்ளைத் தெரிவில் விட்டால் மெல்லிய பென்சில் நிழலும் அழித்து எழுதிய தடமும் மறைந்துவிடும். நிறத் தெரிவுக்கு மாற்றுங்கள். அழித்த தடம் நமக்கு வேண்டும், அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

கடைசியாக, சட்டகத்துக்குள் ஒரு சிறு அட்டை: இடாப்பு இலக்கம், திகதி. "17, 2025-02-19". பெயர் வேண்டாம்.

கல்முனையிலிருந்து
2025 பெப்ரவரி 21

அட்டை எதற்கு? வட்ஸ்அப் படத்தின் பெயரிலேயே திகதி விழுகிறதே.

2025 பெப்ரவரி 21

விழுகிற திகதி எடுத்த நாளுடையது இல்லை சேர், அனுப்பிய நாளுடையது. பெற்றோர் வீட்டில் எடுத்த படத்தை மூன்று கிழமை கழித்து அனுப்பினால் மூன்று கிழமை பிந்திய திகதியோடு வந்து சேரும். படத்துக்குள் கமரா பதிந்த திகதியையும் வட்ஸ்அப் அழித்துவிடும், அளவையும் குறைத்துவிடும். முன்னேற்றத்தைக் காட்ட வைத்திருக்கும் பைலில் திகதி பிழைத்தால் வரிசையே பிழைத்துவிடும். அட்டை படத்தோடு ஒட்டிக்கொண்டே வரும்.

வட்ஸ்அப்பில்தான் அனுப்ப வேண்டும் என்றால் படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். தெளிவும் திகதியும் கெடாது.

2025 பெப்ரவரி 22

நேற்று எழுதியதில் ஒரு குறை. ஆவணமாக அனுப்பும்போது கமரா பதிந்த எல்லாமே போகும், எடுத்த இடம் உட்பட. கமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை முதலில் நிறுத்துங்கள். பிள்ளையின் வீட்டில் எடுத்த படம் என்றால் அந்த வீடு எங்கே இருக்கிறது என்பதும் சேர்ந்து போகிறது. பெற்றோருக்கும் இதை ஒரு தடவை செய்து காட்ட வேண்டும், சொல்லிவிட்டால் போதாது.

கோப்புப் பெயரும் அட்டையைப் போலவே: இலக்கம், வருடம்-மாதம்-நாள், வேலை. "07_2025-02-19_வழி". 7 என்று எழுதாமல் 07 என்று எழுதுங்கள். லெப்டொப்பில் 7 சரியான இடத்தில் வரும், ஆனால் சில போன்களில் 1, 10, 11, 2 என்று அடுக்கும்.

கல்முனையிலிருந்து
2025 பெப்ரவரி 24

சீசோவைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. பாடசாலையில் ஐந்து டெப் இருக்கிறது.

2025 பெப்ரவரி 24

டெப் ஐந்தும் வைஃபையும் இருந்தால் சீசோ நல்ல வழி. கியூஆர் குறியைக் காட்டினால் பிள்ளை உள்ளே போய்விடும், கடவுச்சொல்லும் மின்னஞ்சலும் தேவையில்லை. தரம் 1 பிள்ளைக்கே இரண்டு மூன்று தடவையில் பழகிவிடும். சித்திரத்தைப் படமெடுத்து அதன் மேலேயே குரல் பதியலாம், விரலால் சுட்டிக்காட்டிக் கீறலாம். ஆசிரியர் அனுமதித்த பிறகே வீட்டாருக்குப் போகும். வீட்டார் தங்கள் பிள்ளையுடையதை மட்டும் பார்ப்பார்கள். குழுவில் இல்லாத பெரிய நன்மை இதுதான். குழுவில் ஒரு பிள்ளையின் எழுத்தை 33 வீட்டில் ஒப்பிட்டுப் பேசுகிறார்கள், அந்தப் பேச்சு பிள்ளையின் காதில் விழுகிறது.

பிழைக்கும் இடம்: பகிர்ந்து பாவிக்கும் டெப்பில் பிள்ளை பட்டியலிலிருந்து தன் பெயரைத் தொட வேண்டும். ஒரே முதலெழுத்தில் ஏழெட்டுப் பெயர் இருந்தால் பக்கத்துப் பெயரைத் தொட்டுவிடும். பெயருக்கு முன்னால் இடாப்பு இலக்கத்தையும் சேர்த்துப் பதியுங்கள். பிழைத்தாலும் ஆசிரியர் பின்னர் சரியான பிள்ளைக்கு மாற்றலாம்.

பட்லெட் வேறு வேலைக்கு. ஒரு தலைப்பில் முழு வகுப்பும் ஒட்டும் சுவர் அது. "வாவியில் நாம் கண்ட பறவைகள்" போன்றதற்கு அருமை. ஒரு பிள்ளையின் வளர்ச்சியைக் காட்ட உதவாது. இணைப்பு யார் கையில் கிடைத்தாலும் திறக்கும் என்பதால் முழுப் பெயர் எழுத வேண்டாம். இடுகைகளை அனுமதித்த பின் காட்டும் தெரிவைப் போட்டு வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. ஜாம்போர்ட் என்ற டிஜிட்டல் வெண்பலகையை 2024 டிசம்பர் 31 உடன் கூகுள் மூடிவிட்டது. ஃபிலிப் என்ற வீடியோப் பதில் அப்பும் தனியாக இயங்குவது 2024 ஜூலையோடு நின்றது. எந்த அப்பில் போட்டாலும் மூலப்படமும் மூலக்குரலும் நம் ஃபோல்டரில் இருக்க வேண்டும். அப் போனாலும் பைல் போகக் கூடாது.

2025 மார்ச் 3

குரல் பதிவு. கேள்வி கேட்ட ரீச்சரின் வகுப்பில் ஒரு போன்தான் என்பதால் அதற்கேற்ப எழுதுகிறேன்.

ஒரு நாளைக்கு நான்கு பிள்ளை. ஒருவருக்கு ஒன்றரை நிமிடம் என்றால் ஆறு நிமிடம். ஒன்பது பாடசாலை நாளில் 34 பேரும் முடியும். ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் ஐம்பது நிமிடம் பிடிக்கும், கடைசிப் பத்துப் பிள்ளைகள் சோர்ந்துபோய் ஒரு சொல்லில் முடிப்பார்கள்.

போன் விமானப் பயன்முறையில் இருக்கட்டும், நடுவில் அழைப்பு வந்தால் பதிவு அறும். அன்ட்ரொயிட் போனின் பாதுகாப்பு அமைப்பில் ஒரு அப்பை மட்டும் திரையில் நிறுத்தி வைக்கும் வசதி உண்டு. வெளியேற இரகசிய இலக்கம் கேட்கும்படி வைத்தால் பிள்ளை தனியாக வைத்திருந்தாலும் ஆசிரியரின் சொந்தப் படங்களுக்குள் போகாது.

வாய்க்கு ஒரு சாண் தூரம், நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கமாக. நேராக வைத்தால் "ப", "பூ" எல்லாம் காற்றடிப்பாக விழும். நம் வகுப்பறைகள் பலவும் அரைச்சுவர், பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு சொல்வது முழுக்கக் கேட்கும். மூலையில் துணி தொங்கவிட்டால் பெரிதும் குறையும். மின்விசிறிக்குக் கீழே வேண்டாம். தகரக் கூரைக்குக் கீழே மாரியில் பதிய முயலவே வேண்டாம். நவம்பரிலிருந்து ஜனவரி வரை படம் மட்டும் எடுங்கள், குரலை மழை விட்ட நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோ வேண்டாம் என்பது என் நிலைப்பாடு. 1080 தெளிவில் ஒரு நிமிடமே 100 மெகாபைட் தாண்டலாம். அரை நிமிடக் குரல் அரை மெகாபைட்டுக்குள் அடங்கும். வீடியோவில் முகமும் வந்துவிடுகிறது. பாட்டுக்கும் அபிநயத்துக்கும் மட்டும் விதிவிலக்கு.

படுவான்கரையிலிருந்து
2025 மார்ச் 14

ஒன்பது நாளில் முடிந்தது. ஆனால் "ஏன் இதைத் தெரிவு செய்தாய்" என்று கேட்டால் 34 பேரில் முக்கால்வாசிப் பேர் "வடிவா இருக்கு" என்று முடித்துவிட்டார்கள். பதிந்தவற்றை அழித்துவிடட்டா?

2025 மார்ச் 14

அழிக்க வேண்டாம். மூன்றாம் தவணைக் குரலுக்குப் பக்கத்தில் வைக்க அந்த "வடிவா இருக்கு" தேவை.

கேள்வியை மாற்றுங்கள். "ஏன்" என்பது இந்த வயதுக்குப் பெரிய கேள்வி. இடத்தைச் சுட்டிக் கேட்க வேண்டும். "எந்த இடத்தை அழிச்சு எழுதினாய்?" "முதல் என்ன கீறினாய், மறுகா என்ன கீறினாய்?" "எது ஒண்ணாமக் கிடந்துச்சு?" ("மறுகா" என்றால் பிறகு, "ஒண்ணாம" என்றால் முடியாமல்.) இந்த மூன்றுக்கும் ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. பிள்ளை விரலை வைத்துக் காட்டிக் காட்டிச் சொல்லும். அழித்த தடம் படத்தில் தெரிய வேண்டும் என்று முன்பு சொன்னது இதற்குத்தான். சுத்தமாகத் திரும்ப எழுதவைத்த தாளைப் படமெடுத்தால் பேசுவதற்கு ஒன்றும் இருக்காது.

நாம் பேசும் தமிழிலேயே கேளுங்கள். புத்தகத் தமிழில் கேட்டால் பிள்ளை புத்தகத் தமிழில் பதில் தேடும், தேடிக் களைத்து நின்றுவிடும்.

அக்கரைப்பற்றிலிருந்து
2025 மார்ச் 20

கூகுள் ஸ்லைட்ஸில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று தொடங்கினோம். படம் வருகிறது, குரலைச் சேர்க்கப் போனால் கோப்பே தென்படவில்லை.

2025 மார்ச் 20

போனின் பதிவு அப் பெரும்பாலும் எம்4ஏ வகையில் சேமிக்கும். ஸ்லைட்ஸ் எம்பி3, வேவ் இரண்டை மட்டுமே ஏற்கும். லெப்டொப்பில் வீஎல்சி இருந்தால் மீடியா பட்டியில் "மாற்று/சேமி" போய் எம்பி3 தெரிவு செய்து மாற்றலாம், பல கோப்பையும் ஒரே தடவையில் போடலாம். பதிவு அப்பையே வேவுக்கு மாற்றலாம் என்பார்கள். அப்போது அரை நிமிடம் இரண்டரை மெகாபைட் பிடிக்கும், டேட்டாவுக்குக் கட்டாது.

இன்னொன்று: குரல் கோப்பு ட்ரைவில் தனியாக இருக்கும். ஸ்லைட்ஸை மட்டும் பெற்றோருக்குப் பகிர்ந்தால் படம் தெரியும், குரல் ஓடாது. இரண்டையும் பகிர வேண்டும். ஆகவே ஒரு பிள்ளைக்கு ஒரு ஃபோல்டர் வைத்து, அந்த ஃபோல்டரையே பகிருங்கள். பிடிஎஃப் ஆக்கி அனுப்பினாலும் குரல் உதிர்ந்துவிடும்.

பிள்ளைக்குக் கூகுள் கணக்குத் திறக்க வேண்டாம். 13 வயதுக்குக் குறைந்தவர் தானாகத் திறக்க முடியாது, பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டுத் திறந்துகொடுப்பது நாம் கற்றுக்கொடுக்கக் கூடாத பாடம்.

2025 மார்ச் 27

அனுமதிக் கடிதம் பற்றி இருவர் தனியாகக் கேட்டார்கள்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறுவர் பற்றிய தரவை விசேட வகைக்குள் வைத்திருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்க, வீட்டாரிடம் கேட்பது மரியாதை. ஒரே கையொப்பத்தில் எல்லாவற்றையும் வாங்க வேண்டாம். மூன்று கட்டம்: வேலையின் படம், குரல், முகம். ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை. முகத்துக்கு இல்லை போடும் வீடுகள் முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் ஆம் போடும். ஒரே கட்டம் வைத்தால் அந்த வீடுகளை முழுவதும் இழப்போம்.

யாருக்கு அனுப்புவது என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். இங்கே தாயோ தகப்பனோ மத்திய கிழக்கில் வேலை செய்ய, அம்மம்மாவிடம் வளரும் பிள்ளைகள் வகுப்புக்கு வகுப்பு இருக்கிறார்கள். வீட்டுப் போனுக்கு மட்டும் அனுப்பினால் அந்தக் குரல் போக வேண்டியவரிடம் போகாது. அரை மெகாபைட் குரலை அவர் இரவு வேலை முடிந்து எத்தனை தடவையும் கேட்கலாம். இந்த முயற்சியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள்.

குழுவை விட்டு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுப்பினால் இலக்கங்களும் பரவாது. எல்லாருக்கும் பொதுவான அறிவித்தலுக்கு ஒலிபரப்புப் பட்டியல் பாவிக்கலாம், ஆனால் ஆசிரியரின் இலக்கத்தைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். "அனுப்பினோம், வரவில்லை என்கிறார்கள்" என்ற முறைப்பாட்டில் பாதி இதனால்தான்.

2025 மே 21

சேமிப்பு. 306 படம், ஒன்று 3.5 மெகாபைட் என்று வைத்தால் ஒரு ஜிகாபைட்டுக்குச் சற்று மேல். குரல் எல்லாம் சேர்ந்தும் 150 மெகாபைட். கூகுளின் இலவச 15 ஜிகாபைட்டில் பல வருடம் அடங்கும். ஆனால் ஜிமெயிலும் ஃபோட்டோஸும் அதே 15இல்தான் பங்கு கேட்கும், ஆகவே ஆசிரியரின் சொந்தக் கணக்கில் வைக்காதீர்கள்.

அதைவிடப் பெரிய காரணம் இடமாற்றம். கணக்கு ஆசிரியருடையதாக இருந்தால் அவர் மாறிப்போகும்போது பைலும் போகும். பாடசாலைக்கென ஒரு கணக்குத் திறந்தாலும் மீட்பு இலக்கமாக யாரோ ஓர் ஆசிரியரின் போன் இலக்கத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அவர் போன பிறகு உறுதிக் குறி அவருக்கே போகும். பாடசாலைக் காரியாலயத்தில் இருக்கும் சிம் இலக்கத்தைக் கொடுங்கள். இரண்டு வருடம் ஒருவரும் உள்நுழையாத கணக்கை கூகுள் நீக்கலாம். தவணைக்கு ஒருமுறை திறந்து பார்த்தால் அந்தப் பயம் இல்லை.

இன்னொரு பிரதி பென் ட்ரைவில், வேறு கட்டடத்தில் அல்லது வேறு ஊரில். 2024 நவம்பர் கடைசியில் மட்டக்களப்பு, அம்பாறை இரு மாவட்டங்களிலும் வெள்ளம் வந்தது. இனியும் மாரி வரும். அலுமாரியின் கீழ்த்தட்டில் காகிதப் பைலும் அதே தட்டில் பென் ட்ரைவும் வைத்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் பென் ட்ரைவின் முனை பாசி பிடித்ததுபோல் கறுக்கும். மூடியோடு, இறுக்கிப் பூட்டும் பிளாஸ்டிக் பையில், மருந்துப் போத்தலுக்குள் வரும் சிலிக்கா பொதியோடு வையுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து
2025 ஜூன் 4

சிறிய விசயம். ஆசிரியர் குறிப்பை வேர்டில் தட்டி ஸ்லைட்ஸில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது.

2025 ஜூன் 4

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியிருப்பீர்கள். அது எழுத்துருவின் வேடம் மட்டும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துத்தான். யுனிகோடில் தட்டுங்கள். பழைய குறிப்புகளைப் பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் உண்டு. பிள்ளையின் பெயர் இருக்கும் பந்தியை மட்டும் அங்கே ஒட்டாதீர்கள்.

போனில் குரலால் தட்டுவதானால் மொழித் தெரிவில் "தமிழ் (இலங்கை)" இருக்கிறது. ஆசிரியர் குறிப்புக்கு வசதி. பிள்ளையின் குரலை அதனால் எழுத்தாக்க வேண்டாம். "மறுகா", "ஒண்ணா" போன்றவற்றை வேறு சொல்லாக எழுதிவிடலாம். பைலில் பிள்ளை சொல்லாத சொல் இருக்கும்.

படுவான்கரையிலிருந்து
2025 ஜூலை 16

இரண்டாம் தவணைச் சுற்றும் முடிந்தது. "எந்த இடத்தை அழிச்சாய்" என்ற கேள்விக்கு ஒரு பிள்ளை இரண்டு நிமிடம் பேசியது. வெட்டவா? மற்றொன்று: ஒரு பிள்ளை இந்த மாதத்தோடு வேறு பாடசாலைக்குப் போகிறது. என்ன கொடுத்தனுப்புவது?

2025 ஜூலை 16

வெட்ட வேண்டாம். அரை நிமிடம் என்று சொன்னது குறைந்த அளவு என்று திருத்தி வாசியுங்கள்.

போகிற பிள்ளைக்கு: ஆறு உருப்படியும் குரலும் ஒரு ஃபோல்டரில். சுருக்கிய சிப் கோப்பாக வேண்டாம், சில போன்களில் வீட்டார் திறக்கத் தடுமாறுவார்கள். கோப்புகளைத் தனித்தனியாக வீட்டுப் போனுக்கு ஆவணமாக அனுப்புங்கள். அனுப்பும் முன் இருப்பிடப் பதிவு இல்லை என்று ஒரு தடவை பாருங்கள். புதிய வகுப்பாசிரியருக்கு ஒரு பக்கத் தாள்: எந்த இரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தோம், எந்தக் கேள்விகளைக் கேட்டோம், எந்த அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சியை அது காட்டுகிறது. அவர் மூன்றாம் தவணையில் அதே இரு வேலையைச் செய்வித்தால் தொடர் அறாது. விடுகைப் பத்திரத்தோடு அந்தத் தாளையும் இணைத்துவிடுங்கள்.

வீட்டார் கிடைத்தது என்று சொன்ன பிறகு உங்கள் பக்கத்துப் பிரதியை அழியுங்கள். ட்ரைவில் அழித்தது 30 நாள் குப்பைத் தொட்டியில் கிடக்கும், பென் ட்ரைவில் இருப்பதைக் கையால் அழிக்க வேண்டும்.